இருண்ட மூலை

தமிழாசிரியன் ஒருவன் விளக்கைப் பற்றி எழுதப் புகுந்தால், கார்த்திகை விளக்கீட்டைப் பற்றியோ குத்துவிளக்கின் ஐந்து முகங்களைப் பற்றியோ எழுதப்போகிறான் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். நான் எழுதப் புகுந்தது 400 வாற்று மெற்றல் ஹேலைட் விளக்கொன்றைப் பற்றி. பண்டகசாலைகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் எரிதற்கென்று பிறந்த அவ்விளக்கு, ஒரு மரப்பெட்டிக்குள் அடைபட்டு, ஏட்டுச்சுவடியின் படத்தைச் சீலையிலே பெரிதாக்கிக் காட்டும் பணிக்கு என்னால் அமர்த்தப்பட்டது. அப்பணியை அது செவ்வையாகச் செய்யாது போனதும், குற்றம் விளக்கினது அன்று, அதனை நிறுத்தியவனது என்று பின்னர் வெளிப்பட்டதுமே இக்கட்டுரைக்குப் பொருள்.

முதலிற் சுவடியின் கதையைச் சொல்லவேண்டும். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை அறிந்தோர் ஜாம் போத்தல் விளக்கையும் அறிவர். போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, நூல் போன்ற திரியொன்றை ஏற்றி, அந்தச் சுடரிலே ஒரு தலைமுறை படித்துத் தேறியது. அச்சுடரின் முன்னிருந்தே 1993 இல் நான் ஒரு வைத்திய ஏட்டைப் பெயர்த்தெழுதினேன். ஏடு அயலூர் வைத்தியர் வீட்டுக்கு உரியது. அதனைப் படியெடுக்கும் வேலையை இருபது வயது கடந்து சில ஆண்டுகளே ஆன என்னிடம் நம்பி ஒப்படைத்தவர் என் ஆசிரியர்.

ஏட்டெழுத்தின் இயல்பை ஆசிரியர்களாகிய வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். எல்லாவற்றையும் இடம்நோக்கிப் பொருள்நோக்கி நாமே பிரித்துணர்ந்துகொள்ள வேண்டும். விரைந்தெழுதிய கையாயின் ககரமும் சகரமும்கூட ஒன்றன் சாயலை மற்றொன்று கொள்ளும். நான் பெயர்த்தெழுதிய ஏடொன்றின் கடைசி வரியின் கடைசிச் சொல்லை நான் ‘சாரம்’ என்று வாசித்தேன். அச்சிலும் அவ்வாறே வந்தது. அச்சுப்பிரதியைப் பார்த்த ஆசிரியர், “தம்பி, இது காரம் அல்லோ?” என்றார்.

வைத்திய வழக்கிலே காரம் என்றால் வெண்காரம். சாரம் என்றால் நவச்சாரம். ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை இட்டு மருந்து முடித்தால் வைத்தியனும் நோயாளியும் படும் பாடு சொல்லத் தக்கதன்று. யாப்பும் வழக்கைத் தீர்க்கவில்லை. எதுகை இரண்டு சொல்லுக்கும் பொது. ஈற்றுச்சீர் ஆதலின் மோனையும் துணைசெய்யவில்லை. இளமைச் செருக்கினாலே நான் என் பாடத்துக்காக நெடுநேரம் வாதாடினேன். ஆசிரியர் புன்னகை செய்து விட்டுவிட்டார். ஏட்டைத் திரும்பப் பார்க்கலாம் என்றிருந்தபோது 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வந்தது. வைத்தியர் குடும்பம் ஒரு திசையிலும் நாங்கள் வேறொரு திசையிலும் போனோம்.

அந்த ஏடு அழியவில்லை. அவ்வீட்டுப் பெயரன் ஒருவர் கடல் கடந்த நாட்டிலே அதனைப் பெட்டியில் வைத்திருந்து, அண்மையிலே நல்ல புகைப்படங்களாக எடுத்து எங்களுக்கு அனுப்பிவைத்தார். ஆசிரியருக்கு இப்போது வயது எண்பதைக் கடந்துவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி நைந்து, நேரே பார்ப்பது மங்கலாகத் தெரியும் நிலை. கைத்தொலைபேசியிற் காட்டினோம்; தலையை அசைத்தார். கணினியிற் காட்டினோம், பக்கவாட்டாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக் களைத்தார். “சாணளவு எழுத்தாகக் காட்டினாற் சொல்லுவன்” என்றார். பாடசாலையில் மாணவர் ‘மல்ரிமீடியா’ என்று அழைக்கும் புரொஜெக்டர் ஒன்று இருந்தது. அதன் விளக்கு தன் ஆயுளை முடித்துக்கொண்டு மஞ்சள் பூத்திருந்தது. என் பழைய மாணாக்கர் ஒருவர் ரீவி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர், “ஐயா, பழைய மொனிற்றர் ஒண்டு கிடக்கு. நாங்களே செய்து பாப்பம்” என்றார். இவ்வாறு தொடங்கிற்று.

இத்தகைய கருவியை வீட்டிற் செய்யும் வழக்கம், கடைப் புரொஜெக்டர் பெருவிலை விற்ற 2000 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் மேனாட்டு ஆர்வலரிடையே பரவியது. அமைப்பு எளிது. 15 அங்குல மொனிற்றரின் உடலைக் கழற்றிப் பின்னொளியை நீக்கினால் படம் தோன்றும் கண்ணாடித்தகடு மாத்திரம் எஞ்சும். எங்கள் தகடு 305 மில்லிமீற்றர் அகலமும் 229 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அதனைத் தலைகீழாக நிறுத்திப் பின்னேயிருந்து ஒளியைச் செலுத்தி, முன்னே ஒரு பெரிய வில்லையை வைத்தால், எதிர்ச்சுவரிலே படம் நேராக விழும். ஒளி மிக வலியதாயிருத்தல் வேண்டும். இத்தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத்தானும் வெளியே விடுவதில்லை. முனைவாக்கித் தாள்களும் நிறவடிகளும் ஏனையதை விழுங்கிவிடும்.

விளக்குக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு வில்லை வேண்டும். தகட்டுக்கு முன்னே இன்னொன்று வேண்டும். ஓரடி அகலக் கண்ணாடி வில்லை என்றால் அதனைத் தூக்கவே இருவர் வேண்டுமாதலால், பிறெனெல் வில்லை எனப்படும் மெல்லிய பிளாஸ்ரிக் தகடுகளை இட்டோம். உற்றுப் பார்த்தால் கிராமபோன் இசைத்தட்டைப் போல வட்டம் வட்டமாகச் சால்கள் ஓடும். பிரான்சு தேசத்து ஓகுஸ்தீன் பிறெனெல் இந்த உபாயத்தைக் கலங்கரை விளக்குக்காகக் கண்டார். 1823 இல் கோர்துவான் கலங்கரை விளக்கிலே அது முதன்முதல் ஒளிவீசியது. எங்கள் பின்வில்லையின் குவியத்தூரம் 220 மில்லிமீற்றர், முன்னதனது 330. பெட்டியின் வாயிலிருந்த எறிவில்லையினது 320. அதன் விட்டம் 80. விளக்கின் பின்னே ஒரு குழிவாடி, வீணே பின்னோக்கிப் போகும் ஒளியைத் திருப்பி அனுப்பும். சூட்டைப் போக்க இரண்டு மின்விசிறிகள். விளக்கைத் தூண்டச் சோக்கும் இக்னைற்றரும். இந்த இக்னைற்றர் சில ஆயிரம் வோல்ற்றை ஒரு கணம் எழுப்புவது. பண்டிதர்கள் அதன் கிட்டப் போகலாகாது என்று மாணாக்கர் கட்டளையிட்டிருந்தார்.

என் வீட்டு விறாந்தையில் முதற் பரீட்சை நடந்தது. எறிவில்லைக்கும் சுவருக்கும் இடையே 2 மீற்றர். படம் ஐந்தடிக்குச் சற்றுக் கூடிய அகலத்தில் விழுந்தது. நாலு மூலையும் ஒளி சமமாக நின்றது. நான் விளக்கைச் சிறிது முன்னே தள்ளி, சிறிது பின்னே இழுத்து, மிக வெளிச்சமான இடத்தில் திருகாணியை இறுக்கினேன். அயலவர் வந்து பார்த்து வியந்தனர். என் மனையாள், இனிச் சினிமாவுக்கும் குறைவில்லை என்றாள். பிழையின் வித்து அன்றைக்கே இடப்பட்டது என்பதை நான் அப்போது அறிந்திலேன்.

வாசிகசாலை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கூடினோம். ஆசிரியரை ஓட்டோவில் அழைத்து வந்தோம். பெட்டி இன்னோர் ஓட்டோவில் வந்தது. எங்கள் ஒழுங்கைகளின் குண்டுகுழிகளை வாசகர் அறிவர். மண்டபத்தில் வில்லைக்கும் சீலைக்கும் இடையே 4 மீற்றர். படம் பதினோரடிக்கு மேல் விரிந்தது. படத்தை எடுத்த பெயரன் நான்கு ஏடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எடுத்திருந்தார். எங்கள் ஏடு நான்காவது. அதன் வலப்பாதியின் கடைசி வரியின் ஈற்றிலேயே அச்சொல். மாணவர் முப்பது பேர், ஆசிரியர் சிலர், முன்வரிசையிற் கதிரையில் என் ஆசிரியர். விளக்கு ஏற்றப்பட்டுச் சில நிமிடத்தில் முழு ஒளிக்கு வந்தது. ஏடுகள் தோன்றின. கீழ்வலது மூலை மாத்திரம் மாலைக் கருக்கலைப் போல இருண்டு கிடந்தது.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. முப்பது ஆண்டு வழக்கை மாணவர் எல்லாரும் அறிவர். சாட்சி சொல்ல வேண்டிய மூலையைப் பண்டிதர் இருட்டிவிட்டார் என்று எவனோ சொன்னான். அச்சொல் என் காதில் விழுந்தது. ஆசிரியரின் காதிலும் விழுந்திருக்கும்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படத்தைச் சுவரில் வீழ்த்தும் மாயவிளக்கை 1659 ஆம் ஆண்டளவில் அமைத்தவர் ஒல்லாந்து தேசத்துக் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்னும் பேரறிஞர். சனிக்கோளின் வளையத்தை வளையம் என்று விளக்கியவரும் அவரே. தம் பெயர் இவ்விளையாட்டுப் பொருளோடு சேர்வதை அவர் விரும்பவில்லை. 1662 இல் அவருடைய தந்தையார் பிரெஞ்சு அரசவையிலே காட்டுதற்கு ஒன்று வேண்டுமென்றபோது, மறுக்கமாட்டாமல் அனுப்பிவைத்து, அங்கிருந்த தம் தம்பிக்கு இரகசியமாக எழுதினார்: வில்லை ஒன்றைக் கழற்றி அது வேலை செய்யாதபடி பண்ணிவிடு என்று. ஆகவே புரொஜெக்டரை வேண்டுமென்றே பழுதாக்கிய அறிஞர் ஒருவர் சரித்திரத்தில் உண்டு. நான் அவரல்லேன் என்பதை அந்த மண்டபத்தில் யாரிடம் நிரூபிப்பது?

மூலை இருள்வதற்கு முதற் காரணமாக மாணாக்கர் ஐயுற்றது சூட்டை. திரவப்பளிங்குத் தகடு அளவுக்குமேற் சூடேறினால் அவ்விடம் கறுத்துப்போகும், ஆறினால் மீளும். இதனை அறிவது எளிது. தகட்டைப் பெட்டியிலிருந்து உருவி எடுத்தோம். வெறும் வெள்ளொளி சீலையில் விழுந்தது. அதிலும் அந்த மூலை இருண்டே இருந்தது. தகட்டிற் குற்றமில்லை, குற்றம் ஒளியின் வழியிலே இருந்தது.

அப்போது நான் செய்ததை எண்ணினால் இன்றும் நாணம் வருகிறது. இருண்ட மூலைக்கு விளக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அங்கே வெளிச்சம் கூடும் என்பது எந்த இல்லத்தரசிக்கும் தெரிந்த நியாயம். அந்த நியாயப்படி விளக்குத்தாங்கியைக் கீழே வலப்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளினேன். மூலை இன்னும் இருண்டது; படம் முழுவதுமே மங்கிற்று. “ஐயா, லைற்றை அசைக்காதேங்கோ!” என்று மாணாக்கர் ஓடிவருவதற்குள் என் கை சுவிச்சில் முட்டி விளக்கு அணைந்துவிட்டது. இந்த விளக்கு அணைந்தால் உடனே ஏற்றமுடியாது. உள்ளே ஆவியின் அமுக்கம் தணிந்து ஆறுமட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். முப்பது பேரும் இருளில் இருந்தோம்.

மீண்டும் ஏற்றியபோது ஒரு மாணவி, “படத்தை நடுவுக்கு நகர்த்திப் பெரிதாக்கினாற் போதாதோ, ஐயா?” என்றாள். அவள் கேட்டது முற்றிலும் சரி. நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. நகர்த்தினோம். சொல் நடுவுக்கு வந்தது. ஆனால் நடுவும் தனக்குரிய ஒளியைப் பெறவில்லை. அச்சொல் ஏட்டின் ஓரத்தில் உள்ளது. ஓரத்திலே மை தேய்ந்து எழுத்தாணியின் வெறுங் கீறலே நின்றது. ஓலையின் நாரையும் அக்கீறலையும் வேறுபடுத்த அந்த மங்கல் இடம்கொடுக்கவில்லை. ஆசிரியர் நெடுநேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இண்டைக்கு வேண்டாம், தம்பி. கண் களைச்சுப் போச்சு” என்று எழுந்தார். ஓட்டோவில் ஏறும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. எண்பது கடந்தவரிடம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்வது எளிதன்று.

மறுநாட் தொடக்கம் ஒரு கிழமை அப்பெட்டியோடு இருந்தேன். எங்கள் உயர்தர வகுப்புப் பௌதிக ஆசிரியர் எனக்கு ஒரு மாலைப்பொழுதைத் தந்தார். அவர் சொன்ன ஒரு விதியே எல்லாவற்றுக்கும் திறவுகோலாயிற்று. விளக்கின் விம்பம் படத்தகட்டின்மேல் விழலாகாது. எறிவில்லையின் நடுவே விழவேண்டும். தகட்டின்மேல் விழுந்தால் விளக்கின் உருவமே மேடுபள்ளமான ஒளியாகச் சீலையிலே தோன்றும். எறிவில்லைக்குள் விழுந்தாலோ, தகட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் விளக்கு முழுவதும் ஒளி வழங்கும். அவ்வொளி முழுவதும் வில்லையென்னும் வாயிலால் வெளியே போகும். ஜேர்மனியரான ஓகஸ்ற் கோலர் 1893 இல் நுணுக்குக்காட்டிக்கு வகுத்த ஒளியூட்டு முறையும் இந்தக் கருத்தின்மேலேயே நிற்பது. அவர் காலத்து வாயு விளக்கின் சுடர் ஒருசீராக எரியாது. அச்சுடரைக்கொண்டே சீரான ஒளி பெற அவர் இவ்வழியைக் கண்டார்.

அந்தச் சுடர் என்ற சொல்லே எனக்கு ஒரு யோசனையைத் தந்தது. எரியும் மெற்றல் ஹேலைட் விளக்கை வெறுங்கண்ணாற் பார்த்துச் சோதிப்பது கண்ணுக்குக் கேடு. அதன் புறக்குமிழ் உடைந்திருந்தால் புறஊதாக் கதிரும் வெளியே வரும். ஆகவே விளக்கைக் கழற்றி வெளியே வைத்தேன். அதன் மின்வில் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஜாம் போத்தல் விளக்கை ஏற்றி வைத்தேன். மின்வில்லின் நீளம் ஏறத்தாழ ஓரங்குலம்; என் சுடரின் உயரமும் அவ்வளவே. எறிவில்லை இருக்கும் இடத்தில் எண்ணெய் பூசிய கடதாசியொன்றைப் பிடித்தேன். அறை இருண்டிருந்தது. கடதாசியிலே, நுனி கீழாகத் தொங்கிக்கொண்டு, ஒரு சிறு சுடர் எரிந்தது. 1993 இல் அந்த ஏட்டின்மேல் விழுந்த ஒளிதான் அது. சிறிது நேரம் வேறொன்றும் செய்யாமல் அதனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போத்தலை இடப்பக்கம் நகர்த்தினால் விம்பச்சுடர் வலப்பக்கம் போயிற்று. உயர்த்தினால் அது தாழ்ந்தது. இது எதிர்மறை. ஆனால் போத்தலை வில்லையின் திசையில் முன்னே நகர்த்தினால் விம்பமும் முன்னேயே போயிற்று. பின்னே இழுத்தாற் பின்னே வந்தது. இது உடன்பாடு. பக்க அசைவுக்கு ஒரு விதியும் நெட்டசைவுக்கு வேறொரு விதியும் இருப்பதை அறியாமல் எல்லாவற்றையும் தலைகீழென்று கொண்டதும், சில வேளை எல்லாவற்றையும் நேரென்று கொண்டதுமே என் தடுமாற்றத்துக்குக் காரணம்.

இனி வீட்டிலே சரியாயிருந்தது மண்டபத்தில் ஏன் கெட்டது? சுவர் 2 மீற்றரில் இருக்கும்போது படம் தெளிய எறிவில்லை தகட்டிலிருந்து 381 மில்லிமீற்றரில் நிற்கவேண்டும். 4 மீற்றரில் 348 போதும். ஆகவே மண்டபத்திற் படத்தைத் தெளிவிக்க நாங்கள் எறிவில்லையை 33 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினோம். விளக்கின் விம்பமோ வீட்டில் நான் இறுக்கிவைத்த இடத்திலேயே, வில்லைக்கு அப்பால், வெட்டவெளியில் நின்றது. குவிந்து முடியாத ஒளிக்கூம்பை எறிவில்லை பாதிவழியில் மறித்தது. கூம்பின் ஓரங்கள் வில்லையின் விளிம்புக்கு வெளியே பட்டு வீணாயின. அவ்வோரங்களே படத்தின் மூலைகள். விளக்கை எவ்வளவு பின்னே இழுத்தால் விம்பம் 33 மில்லிமீற்றர் பின்வரும்? கணக்கும் போத்தல் விளக்கும் ஒருமித்துச் சொன்னது ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். அரை அங்குலத்திலும் குறைவு!

அப்படியாயின் நாலு மூலையும் ஒப்ப இருண்டிருக்க வேண்டுமே, ஒரு மூலை மாத்திரம் ஏன் என்று வினவலாம். விளக்குத்தாங்கியை நான் மெல்லிய தகரத்திற் செய்திருந்தேன். ஒழுங்கையின் குலுக்கலில் அதன் ஒரு திருகாணி இளகி, பாரமான பீங்கான் பொருத்தோடு விளக்கு 6 மில்லிமீற்றர் தாழ்ந்து சிறிது வலப்பக்கமும் சரிந்திருந்தது. பக்கச் சரிவு தனித்து நின்றால் படம் முழுவதும் ஒரேயளவாக மங்கும். மூலைக்கு மூலை வேறுபாடு தோன்றாது. நெட்டுப்பிழை தனித்து நின்றால் நாலு மூலையும் ஒப்ப மங்கும். இரண்டும் கூடும்போதே ஒரு மூலை தனித்து இருள்கிறது. இந்த ஒன்றைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, பொருள்கோள் தெரியாது பலநாள் கிடந்த செய்யுளுக்கு அந்வயம் தோன்றும்போது உண்டாவது போன்றது.

எந்த மூலை என்பதற்கும் விடை உண்டு. விளக்குத் தாழ்ந்து வலப்பக்கம் சரிந்தால் அதன் விம்பம் உயர்ந்து இடப்பக்கம் போகும். இது ஓர் எதிர்மறை. ஆகவே தகட்டின் மேலிடது மூலையின் ஒளி வில்லைக்கு வெளியே தவறும். தகட்டின் மேலிடது மூலை சீலையிலே கீழ்வலது மூலையாக விழும்; இது மற்றோர் எதிர்மறை. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாட்டை உணர்த்தும் என்று நாள்தோறும் வகுப்பிற் சொல்லுகிறவன், அந்த விதி மரப்பெட்டிக்குள்ளும் நடக்கும் என்று எண்ணவில்லை. விளக்கு எந்த மூலைக்குச் சரிந்ததோ அந்த மூலையே இருண்டது. நான் அதனை அந்த மூலைக்கே மேலும் தள்ளினேன்! எறிவில்லை விம்பத்துக்கு அப்பால் நின்றிருந்தால் மூன்றாவது எதிர்மறை ஒன்று சேர்ந்து எதிர்மூலை இருண்டிருக்கும். அந்த நிலையில் என் பிழையான வைத்தியம் ஓரளவு பலித்து, நான் ஒன்றும் கற்காமல் வீடு திரும்பியிருப்பேன்.

இன்னொரு சோதனையையும் செய்தேன். செய்து பார்க்க விரும்பும் மாணவருக்காகச் சொல்லுகிறேன். போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருக்கத் தகட்டை உருவி எடுத்துவிட்டு, சீலை இருக்கும் இடத்திற்போய், இருண்ட மூலையிலே கண்ணை வைத்து எறிவில்லையைத் திரும்பிப் பார்க்கவேண்டும். நடுவிலிருந்து பார்த்தபோது சுடர் வில்லையின் நடுவே முழுதாக நின்றது. கீழ்வலது மூலைக்குத் தலையை மெல்ல நகர்த்தியபோது சுடர் வில்லையின் விளிம்பிலே, பண்ணைக் கடலில் ஞாயிறு இறங்குவது போலத் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. அந்த மூலையில் ஏன் இருள் என்பதை அந்த மூலையே காட்டிவிட்டது. இச்சோதனையைப் பெரிய விளக்கோடு ஒருபோதும் செய்யலாகாது, கண் போய்விடும்.

குழிவாடியும் சற்று விலகியே இருந்தது. அதன் வளைவுமையத்திற் சுடர் நிற்கவேண்டும். நின்றால் ஆடி அனுப்பும் ஒளி சுடருக்கே மீண்டு அதனோடு சேர்ந்து முன்செல்லும். என் கடதாசியில் இரண்டு சுடர் தெரிந்தன. ஒன்று தலைகீழாய்ப் பிரகாசமாக, மற்றொன்று நேராய் மங்கலாக. ஆடியை அசைத்தபோது மங்கல் மாத்திரம் அசைந்தது. அதனைக் கொண்டுவந்து மற்றதன் பக்கத்தில் ஒட்டினாற்போல நிறுத்திவிட்டேன். பிறகு தகரத் தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புக் கோணச்சட்டத்தில், முன்பின்னாக ஓடத்தக்க நீண்ட துளையோடு, புதியதொன்றை மாணாக்கர் அடித்துத் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஒழுங்கை மாற்றினோம். வெயில் சாயுமுன்னரே பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோய், முதலிற் சீலைக்குத் தூரத்தை நிறுத்தி, படத்தைத் தெளிவித்து, எறிவில்லையை இறுக்கி, அதன் பின்பே போத்தல் விளக்கினால் சுடர் நிற்கவேண்டிய இடத்தைக் கண்டு, இரண்டு கம்பிகளை வளைத்து அடையாளம் செய்து, அந்த இடத்தில் மின்வில் வரும்படி பெரிய விளக்கைப் பூட்டினோம். எறிவில்லை தான் நிற்குமிடத்தில் நின்ற பின்னரே விளக்கின் இடம் பார்க்கவேண்டும். வீட்டில் நான் செய்தது முறைமாறிய வேலை. ஏற்றியபோது நாலு மூலையும் வெளுத்தன. வீட்டுச் சுவரிற் கண்ட பிரகாசம் இல்லை. படத்தின் பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும்போது ஒளியின் செறிவு ஐந்திலொன்றாவது இயல்பே, அதற்கு மருந்தில்லை. ஆயினும் ஓலை நார் தெரிந்தது. நாருக்கு மேலே எழுத்தாணி ஓடிய வழியும் தெரிந்தது.

சொல்லைப் பெரிதாக்கினோம். எழுத்துச் சாணளவு வந்தது. ஆசிரியர் கதிரையைச் சற்று இடப்பக்கம் போடச் சொன்னார். ஓரக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுத்தின் வலப்புறத்து வளைவு நின்றுவிட்டதா, கீழே இறங்குகிறதா என்பதே வழக்கு. மை ஏறாத ஒரு மயிரிழைக் கீறல், நாரின் வழியோடு சேராமல் அதனைக் குறுக்கறுத்து, கீழே இறங்கி வளைந்தது. அவர் வாய் திறக்குமுன் நானே, “ககரம், ஐயா” என்றேன்.

“ஓம், காரம்தான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் இம்முறை சிரிப்பு எழவில்லை. அச்சுப்பிரதியில் எஞ்சியிருந்தவற்றுக்குத் திருத்தச் சீட்டு ஒட்டும் வேலையை மாணவரிடம் அடுத்த திங்களே ஒப்படைத்துவிட்டேன். ஏற்கெனவே வாங்கியோர் இக்கட்டுரையைக் கண்டால், அந்த ஏட்டின் ஈற்றுச்சொல்லை ‘காரம்’ என்று திருத்திக்கொள்வார்களாக.

நான் விளக்கை அணைக்கச் சுவிச்சை நாடினேன். “அணைச்சால் திரும்பக் கொளுத்தக் கால்மணித்தியாலம் செல்லும் எண்டல்லோ சொன்னனீ?” என்று ஆசிரியர் கையமர்த்தினார். “அணையாதை. அடுத்த ஏட்டைப் போடு.”